தூத்துக்குடி நைட் ஷிஃப்ட்!

தூத்துக்குடியில் போய் 'வவ்வால்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும். "பொரிக்கவா, கொழம்பு வைக்கவா?" என்று கேட்பார்கள். நம்ம ஊர் மீன் ஏலத்தில் கெத்தாக விலை போகிற வவ்வால் மீன் செய்த வேலை அது! மீதிப் பாதிப் பேர், "ஐயையோ... நிபா, கொரோனா!" என்று நாலடி தள்ளி நிற்பார்கள்.

இந்த இரண்டு கோஷ்டியும் கண்டுகொள்ளாத ஒரு நிஜ வவ்வால் இருக்கிறது. நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜியைக் கடிக்கிற நேரத்தில் அது டூட்டியில் சேரும். துறைமுக விளக்குகளுக்கு அடியில், பனங்காட்டுக்கு மேலே, பழைய கோயில் மண்டபத்தில், உங்கள் காலேஜ் நெட்டிலிங்க மரத்தில் என்று விடிய விடிய வேலை. ஓவர்டைம் கிடையாது, சங்கம் கிடையாது. கெட்ட பேர் மட்டும் ஏகத்துக்கு உண்டு. அந்த நைட் ஷிஃப்ட் பார்ட்டியைத்தான் இந்த வாரம் சந்திக்கப் போகிறோம், மக்கா!

கையே சிறகு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். வௌவால் பறவை இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பாலூட்டி. பாலூட்டிகளில் நிஜமாகவே சிறகடித்துப் பறக்கத் தெரிந்தது இது மட்டும்தான். 'பறக்கும் அணில்' எல்லாம் சும்மா சறுக்குகிற கேஸ்.

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரலும் உங்கள் உயரத்துக்கு நீண்டுபோய், விரல்களுக்கு நடுவே மெல்லிய தோல் குடைத்துணி மாதிரி இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் வௌவால் சிறகு. பறவைக்கு இறகு, வௌவாலுக்கு விரல். ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிச் சிறகின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்ற முடியும். பறந்துகொண்டே சட்டென்று யு டர்ன் போடுகிற வித்தையின் ரகசியம் அதுதான்.

தலைகீழாகத் தொங்குவதும் சும்மா ஸ்டைலுக்கு இல்லை. காலில் உள்ள தசைநார் உடம்பின் எடையாலேயே இறுகிப் பூட்டிக்கொள்ளும். தொங்குவதற்குத் தனியாக முயற்சியே தேவையில்லை. கிளம்ப வேண்டுமா? பிடியை விட்டால் போதும். விழுகிற வேகத்திலேயே டேக் ஆஃப்! 'வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால், நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்று நம்ம ஆச்சிகள் கிண்டல் அடித்ததற்குப் பின்னால் இவ்வளவு இன்ஜினீயரிங் இருக்கிறது.

உலகம் முழுக்க 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள். இந்தியாவில் மட்டும் 120-ஐத் தாண்டும். நம்ம ஊரிலேயே இரண்டு துருவங்களையும் பார்க்கலாம். தெருவிளக்கைச் சுற்றும் பிக்மி பிப்பிஸ்ட்ரெல் என்கிற குட்டி வௌவால், பர்ஸில் இருக்கும் ஒரு ரூபாய் காசைவிட எடை குறைவு. ஆலமரத்தில் கறுப்புக் குடைகளாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலோ ஒரு கிலோவைத் தாண்டும். சிறகை விரித்தால் நாலடிக்கு மேல்!

கத்து... கேளு... பிடி!

விசைப்படகில் கடலுக்குப் போகிற நம்ம அண்ணன்மாரிடம் கேட்டால் எக்கோ சவுண்டர் பற்றி அழகாகச் சொல்வார்கள். படகிலிருந்து ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பினால், அது தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்து ஆழம் தெரியும்.

பூச்சி தின்னும் வௌவால் இதையே காற்றில் செய்கிறது. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ சத்தம் போடும். நம் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இவர்களின் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலே. அதனால்தான் தலைக்கு மேலே கச்சேரியே நடந்தாலும் நமக்கு 'கப்சிப்'!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 1.7 மீட்டர் தள்ளி ஒரு அந்துப்பூச்சி பறக்கிறது. ஒலி போய்த் திரும்ப 3.4 மீட்டர். ஆகும் நேரம், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு! அந்த இடைவெளியைக் கணக்கிட்டு, பூச்சி எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்து, திரும்பிப் பாய வேண்டும். கிட்டே நெருங்க நெருங்க வௌவால் சத்தத்தை வேகப்படுத்தும். கடைசிக் கட்டத்தில் நொடிக்கு 200 தடவை வரைகூடக் கத்தும். பிறகு சிறகையோ வால் சவ்வையோ வலை மாதிரி வீசி அள்ளி, பறந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்ளும்.

இந்த ரகசியம் லேசில் உடையவில்லை. 1790-களிலேயே இத்தாலியின் ஸ்பாலன்சானி, கண் தெரியாத வௌவாலும் தடையில்லாமல் பறக்கிறது, காதை அடைத்தால்தான் முட்டிக்கொள்கிறது என்று காட்டிவிட்டார். ஆனால், சத்தமே கேட்காதபோது காதுக்கு என்ன வேலை என்று அன்றைய பெரிய தலைகள் சிரித்தன. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதும், ஹிராம் மாக்சிம் என்ற கண்டுபிடிப்பாளர் வௌவால் பாணியில் ஒலி அனுப்பிப் பனிமலையைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கப்பல்களில் வைக்கலாம் என்றார். வௌவாலின் சத்தம் சிறகடிப்பிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்தது தப்பு. ஐடியா மட்டும் சரி! கடைசியில் 1938-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், அல்ட்ராசவுண்டைக் கேட்கும் கருவி முன்னால் வௌவாலைக் கொண்டுபோய்க் காட்டினார். கருவி அலறியது. கண்டுபிடித்தவர் ஒரு காலேஜ் ஸ்டூடன்ட் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

பூச்சிகளும் சும்மா இல்லை. பல அந்துப்பூச்சிகளுக்கு வௌவால் சத்தம் கேட்கும் காது உண்டு. சத்தம் பக்கத்தில் கேட்டதும் சிறகை மடக்கித் 'தொபுக்கடீர்' என்று கீழே விழுந்து தப்பும். இருட்டுக்குள் தினமும் நடக்கிற போலீஸ்-திருடன் ஆட்டம் இது.

அடுக்குமாடி வேட்டை

எல்லா வௌவாலும் ஒரே இடத்தில் பூச்சி பிடிக்கப் போனால் அடிதடிதானே? அங்கேதான் நம்ம மதுரை வருகிறது. ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் நொய்வைலர் மதுரைப் பக்கத்து வௌவால்கள் ராத்திரி எங்கெங்கே இரை தேடுகின்றன என்று ஆராய்ந்து 1984-ல் எழுதிய கட்டுரை, உலக வௌவால் ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், இருட்டு வானம் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியும் ஒரு இனத்துக்கு!

மொட்டை மாடியில் கல்லறை வௌவாலும் தனிவால் வௌவாலும். மரங்களுக்கு மேலே திறந்த வெளி. சிறகு நீளமாக, குறுகலாக இருக்கும். வேகமாகப் பறக்கலாம், ஆனால் சந்து பொந்தில் திரும்ப முடியாது. தூரத்துப் பூச்சியைக் கண்டுபிடிக்க வேண்டுமே... அதனால் தாழ்ந்த சுருதியில், உரக்கக் கத்தும். தாழ்ந்த சுருதி காற்றில் அதிக தூரம் போகும். கூர்ந்த காது உள்ளவர்களுக்கு தனிவால் வௌவாலின் 'டிக் டிக்' லேசாகக் கேட்கக்கூட வாய்ப்பு உண்டு.

நடு மாடியில் மரங்களுக்கு இடையிலும் தெருவிளக்கைச் சுற்றியும் நம்ம ஒரு ரூபாய்க்காரர், குட்டி பிப்பிஸ்ட்ரெல். கொசு, சின்னப் பூச்சி எதுவும் விடமாட்டார்.

இலைகளுக்குப் பக்கத்தில் இலைமூக்கு வௌவால்கள். மூக்கின் மேல் இலை மாதிரி மடிப்பு. சத்தம் மூக்கு வழியாக வரும். சிறகு அகலம், குட்டை. மெதுவாக, வளைந்து நெளிந்து பறக்கும். ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இனத்தின் சுருதி 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். இலை, கிளை எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வந்து குழப்புமே, பூச்சியை எப்படிப் பிரிப்பது? ஒரே சுருதியில் நீட்டிக் கத்தும். சிறகடிக்கும் பூச்சியில் பட்டால் மட்டும் எதிரொலி துடிக்கும். துடித்தால் இரை, துடிக்காவிட்டால் இலை! இறக்கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிற பூச்சி தப்பித்தது.

இந்த இலைமூக்குக்காரர்களை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இன்னொரு அசத்தல் வேலையும் நடந்தது. பகல்-இரவு தெரியாத குகைக்குள் இருக்கிற வௌவாலுக்கு, வெளியே இருட்டிவிட்டது என்று எப்படித் தெரிகிறது? எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் ஒரு வௌவாலைக் குகைக்குள் தனியே அடைத்து வைத்தார்கள். மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் போய்வரும் வரை, அடைபட்டதின் உடல் கடிகாரமும் டைம் தவறவில்லை. கூட்டம் இல்லாத குகையில் அடைத்தபோது கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறிப்போனது. 1981-ல் வெளியான முடிவு இது. ஹாஸ்டலில் ரூம்மேட் எழுந்தால்தான் நாமும் எழுவோமே... அதே கதை!

ஒட்டுக் கேட்கும் ஒற்றன்

கிரவுண்ட் ஃப்ளோருக்கு வருவோம். அங்கே இருப்பவர் கொஞ்சம் டெரர். பெரிய காது, தரையை ஒட்டிய பறப்பு. பழைய கோயில், மண்டபம், பாழடைந்த கிணறு என்று தங்குவார். மெகாடெர்மா லைரா என்று ரொம்ப நாள் அழைத்தார்கள். இப்போது லைரோடெர்மா லைரா. தவளை, பல்லி, சுண்டெலி எல்லாம் மெனுவில் உண்டு.

இவர் இரையைத் தேடும் விதமே வேறு. மாரிமுத்துவும் நொய்வைலரும் தவளைகளை வைத்துச் சோதனை செய்து 1987-ல் வெளியிட்டார்கள். தவளை அசையாமல் இருந்தால் வௌவால் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்தால் பாய்ந்தது. செத்த தவளையைக் காய்ந்த தரையில் இழுத்தால் பாய்ந்தது. ஆனால், தண்ணீர் படர்ந்த கண்ணாடி மேல் சத்தமே வராமல் இழுத்தபோது கண்டுகொள்ளவில்லை! ஆக, கத்திக் கண்டுபிடிப்பதைவிட, இரை போடுகிற சரசரப்பை ஒட்டுக் கேட்பதுதான் இவர் டெக்னிக். தவளை பாஷையில் சொன்னால், 'மூச்சு விடாம கெட, பொழச்சுக்கலாம்!'

மூக்கு காட்டும் வழி

பழந்தின்னிகள் தனி ஜாதி. பெரும்பாலும் எதிரொலி வேலையெல்லாம் இவர்களுக்குக் கிடையாது. பெரிய கண், கூர்மையான மூக்கு, அவ்வளவுதான். விதிவிலக்கு ரவுசெட்டஸ், குகையிலும் கிணற்றிலும் தங்குவதால், நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும்.

காலேஜ் வளாகங்களில் அதிகம் தட்டுப்படுவது குட்டைமூக்குப் பழந்தின்னி, சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். பழுத்த வாசனையைப் பிடித்து மரத்துக்கு வரும். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடாது. பழத்தைக் கவ்விக்கொண்டு தனக்குப் பிடித்த வேறொரு மரத்துக்குப் பறந்துபோய், சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். பார்சல் வாங்கி மெரினாவில் சாப்பிடுகிற கேஸ்! இப்படித்தான் கொட்டைகள் ஊரெல்லாம் விழுந்து, ஆலும் அத்தியும் முளைக்கின்றன. இலுப்பைப் பூவைத் தேடி வரும்போது மகரந்தமும் சேர்ந்து பயணம் போகிறது. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றின தாத்தாக்கள், இந்த நைட் ஷிஃப்ட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

காம்பஸுக்குள் ஒரு கூடாரம்

தூத்துக்குடியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் பாளையங்கோட்டை. அங்கே தூய யோவான் கல்லூரியின் ஜே. பாலசிங், உடன் ஆய்வு செய்த கோயில்ராஜ், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குன்ஸ் மூவரும் சேர்ந்து 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம் என்ன? இதே குட்டைமூக்கு வௌவாலின் காதல் வாழ்க்கை!

ஆண் வௌவால், நெட்டிலிங்க மரத்திலோ சுவரில் திரை போலப் படரும் கொடியிலோ தண்டுகளையும் இலைகளையும் ஒவ்வொன்றாகக் கடித்து அகற்றும். உள்ளே மணி வடிவத்தில் ஒரு குடில் உருவாகும். வாரக்கணக்கில் வேலை. ஆணே கொத்தனார், ஆணே வாட்ச்மேன். வீடு ரெடியானதும் பெண்கள் வந்து தங்குகின்றன. ஒரு ஆண், பல பெண்கள்! 'சொந்த வீடு இருக்கா தம்பி?' என்கிற கேள்வி மனுஷனுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அமேசான் காட்டுக்குப் போகவில்லை. நம்மைப் போன்றவர்கள் தினமும் நடக்கிற மர நிழல்தான் லேப்!

அதே பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரியின் ஜூலியட் வனிதாரணி குழு, களக்காடு-முண்டந்துறைக் காட்டில் சலீம் அலி பழந்தின்னி வௌவாலை ஆராய்ந்தது. அந்த வௌவாலின் வரலாறு ஒரு சினிமா. 1948-ல் தேனிப் பக்கத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அதைச் சாதாரண குட்டைமூக்கு என்று லேபிள் ஒட்டி வைத்துவிட்டார்கள். 24 வருஷம் கழித்து, 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி தோங்லாங்யா பார்த்துவிட்டு, "இது புது இனமய்யா!" என்றார். பறவை மனிதர் சலீம் அலியின் பெயரே வைக்கப்பட்டது. 1993-ல்தான் மறுபடி உயிரோடு தென்பட்டது. நம்ம தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஜீவன்!

பழி ஓரிடம்...

சரி, நிபா? மழுப்பாமல் பேசுவோம். நிபா வைரஸின் இயற்கை வீடு பழந்தின்னி வௌவால்தான். 2018-ல் கேரளாவின் கோழிக்கோடு பகுதியில் 17 பேர் இறந்தார்கள்; அதன் பிறகும் அங்கே திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தது. வங்கதேசத்தில் ஈச்சங்கள் கலயத்தில் வௌவாலின் எச்சிலும் சிறுநீரும் கலந்து பரவியது. அங்கே கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினார்கள். வௌவால் கிட்டே நெருங்கவில்லை. தீர்வு அவ்வளவு எளிது. பனை ஏறுகிற நம்ம மாவட்டத்துக்கும் இது பாடம்: கலயத்தை மூடு, கடித்த பழத்தைத் தொடாதே. காய்ச்சி எடுக்கிற உடன்குடிக் கருப்பட்டிக்குப் பயமே வேண்டாம்.

கொரோனா? 2020-ல் தமிழ்நாடு உட்படச் சில இடங்களின் வௌவால்களில் கொரோனா குடும்ப வைரஸ் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அது கோவிட்-19 வைரஸ் அல்ல. ஆனால், தலைப்பை மட்டும் படித்தவர்கள் மரத்தை வெட்டக் கிளம்பினார்கள். கூட்டத்தைக் கலைத்து விரட்டினால், மிரண்ட வௌவால் புது இடம் தேடி மனிதர்களுக்கு இன்னும் நெருக்கமாகத்தான் வரும்.

சட்டம்கூட ரொம்ப நாள் வஞ்சனைதான் செய்தது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள், காக்கா, எலியோடு சேர்த்துத் 'தொல்லை விலங்கு' பட்டியலில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. சட்டத்துக்கு முன்னாலேயே நம்ம ஜனங்கள் முந்திக்கொண்டார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிபட்டியில் பறவைகளும் வௌவால்களும் மிரளக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை!

நம்ம ஊர்க் கணக்கு

நிஜமான ஆபத்து வேறு திசையில் வருகிறது. பனையின் காய்ந்த ஓலை மடிப்புதான் பல வௌவால்களுக்கு வாடகையில்லா வீடு. செங்கல் சூளைக்குப் பனை போனபோதெல்லாம் அந்த வீடும் சேர்ந்து எரிந்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது ஓர் ஆறுதல். பழைய கிணறுகளை மூடுகிறோம், மண்டபங்களுக்குக் கம்பி வலை அடிக்கிறோம். பளீர் விளக்கு பிப்பிஸ்ட்ரெல்லுக்குக் கொண்டாட்டம். மெதுவாகப் பறக்கும் அகலச் சிறகு வௌவால்களோ வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும் என்கின்றன உலகெங்கும் நடந்த ஆய்வுகள்.

அப்புறம், கயத்தாறுப் பக்கம் வரிசை கட்டி நிற்கும் காற்றாலைகள். உயரத்தில் வேகமாகப் பறக்கிற 'மொட்டை மாடி' இனங்களுக்குத்தான் காற்றாலை அதிகம் எமனாகிறது என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. காற்று மெல்ல வீசும் ராத்திரிகளில்தான் வௌவால் நடமாட்டம் அதிகம். மின்சாரமும் அப்போது குறைவாகவே கிடைக்கும். அந்த நேரம் மட்டும் இறக்கையை நிறுத்தி வைத்தால் சாவு பாதியாகக் குறைகிறது என்று வட அமெரிக்காவில் கண்டார்கள். காற்றாலையும் வேண்டும், வௌவாலும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது.

இந்தக் கடற்கரைக்கு ஓர் இழப்பு ஏற்கெனவே பழக்கம். இடுப்பில் கயிறோடு, கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சடக்கி, கையால் துழாவி முத்துச்சிப்பி அள்ளிய ஊர் இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை. சலாபம் என்கிற சொல் மட்டும் மிஞ்சியது. ராத்திரி வானத்துக்கும் அப்படி ஒரு நிலைமை வந்தால், முதலில் நமக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால், அவர்கள் போடுகிற சத்தம்தான் நம் காதுக்குக் கேட்காதே!

ப்ராஜெக்ட் வேணுமா பாஸ்?

ஜுவாலஜிதான் படிக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் வளாகத்தில் எந்த மரத்தில் வௌவால் தங்குகிறது, சூரியன் மறைந்து எத்தனை நிமிஷத்தில் முதல் வௌவால் கிளம்புகிறது, எந்த விளக்கடியில் எத்தனை சுற்றுகின்றன... ஒரு நோட்டும் வாட்ச்சும் போதும். எலெக்ட்ரானிக்ஸ் பசங்க அல்ட்ராசவுண்டை நம் காதுக்குக் கேட்கும்படி மாற்றும் பேட் டிடெக்டர் செய்து பார்க்கலாம். ஒரு வருஷம் விடாமல் எழுதினால் அது டேட்டா!

இரண்டே கண்டிஷன். வௌவாலை வெறும் கையால் தொடக் கூடாது. கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தங்குமிடத்துக்குள் டார்ச் அடித்து, கூச்சல் போட்டு, செல்ஃபி எடுக்கக் கூடாது. குட்டியோடு இருக்கிற தாய் மிரண்டால் குட்டி கீழே விழுந்துவிடும்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய், மொபைலைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் மட்டும் வானத்தைப் பாருங்கள். முதல் ஆள் வரும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு வருகிறாரா என்று செக் பண்ணுங்கள். நம்ம முதல் ஹவர் அட்டெண்டன்ஸைவிட அவர் பக்கா!